பசிக்காமல் இளைத்த இயக்குநரகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே நாற்பத்து மூன்று கிலோ இளைக்கும் வழியைக் கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம். கலபார் நகரத்தின் 'நடைபாதை, கூடாரம் மற்றும் பொது அழகு இயக்குநரகம்' என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை சுவரைவிட நீளம். அதனால் 'பொது அழகு' மட்டும் சாக்கடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்டுபிடிப்புக்காக அமைத்த குழுவின் செயலாளர் எஃபியோம் நான்தான். எல்லாக் கூட்டத்துக்கும் குறிப்பு எழுதியவன். ஆகவே இந்த வரலாற்றைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. தகுதி சற்றுக் குறைந்தவராக இருந்திருந்தால் உண்மையை அப்போதே சொல்லித் தொலைத்திருப்பார்.

இளைத்தவர் எங்கள் இயக்குநர் ஆர்ச்சிபாங். தொடக்க எடை நூற்று நாற்பத்தாறு கிலோ. எங்கள் ஊரில் இது குறையே அல்ல. கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தனி அறையில் உட்கார வைத்து, ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்து, அப்புறம் ஊருக்குக் காட்டிய பரம்பரை நாங்கள். இயக்குநருக்கு அப்படியோர் அறையை அரசாங்கமே கொடுத்திருந்தது. கதவில் 'அனுமதியின்றி நுழையாதீர்' என்று எழுதியிருந்தது.

ஒரு நாள் மாடிப்படியில் நான்காவது படியில் நின்றவர், ஐந்தாவது படிக்குப் போகவில்லை. மூச்சு வாங்கி, உதடு வெளுத்து, கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இளவயதுக்காரர், பயமறியாதவர்.

"நாப்பது கிலோ எறக்குங்க சார்," என்றார். "இல்லன்னா உங்க பென்ஷன உங்க வீட்டம்மாதான் வாங்குவாங்க."

"அவ தலைநகர் அபுஜால வேல பாக்கறா. அவளுக்கே பென்ஷன் வரும்."

"அப்ப ரெண்டு பென்ஷனா வாங்குவாங்க."

இயக்குநருக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, பட்டினி கிடப்பதென்று முடிவு செய்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையை எங்கள் அலுவலகத்தில் இன்றும் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை.

காலைச் சாப்பாடு இல்லை. பத்து மணிக்குத் தண்ணீர் கேட்டார். பதினொன்றரைக்கு ஊழியர் பட்டியல் கேட்டார். ஒன்றரை மணிக்குள் நான்கு பேரை இடம் மாற்றிவிட்டார். தட்டச்சர் ஒருவரை, படகு மட்டுமே போகும் கழிமுகத் தீவுக்கு. ஓட்டுநர் ஒருவரை, வண்டியே இல்லாத மலைப்பகுதிக் கிளைக்கு. மற்ற இருவருக்கும் ஆணையில் காரணம் எழுதியிருந்தது. 'முகபாவம்.' மூன்று மணிக்கு ஒரு தட்டு ஃபூஃபூ, அதாவது எங்கள் மரவள்ளிக் களி, உள்ளே போனதும் மனம் வருந்தினார். ஆனால் ஆணை போகிற வேகத்தில் வருத்தம் போவதில்லை. தட்டச்சர் இன்றும் அந்தத் தீவில்தான் இருக்கிறார்.

புதன்கிழமை காலை துணை இயக்குநர் நிக்கோயோ அம்மையார் அவசரக் கூட்டம் கூட்டினார். நிக்கோயோ அம்மையார் எந்தக் கூட்டத்தையும் நின்றபடியே நடத்துவார். உட்கார்ந்தால் அந்த நாற்காலியோடு பதவியும் நின்றுபோய்விடும் என்று ஒரு பயம்.

"சார் எளைக்கணும். அது நம்ம கடம," என்றார். "ஆனா சாருக்குப் பசிக்கக் கூடாது. அவருக்குப் பசிச்சா நாம எல்லாரும் எளைச்சிருவோம்."

யாரும் எதிர்க்கவில்லை. 'பசியிலா எடைக்குறைப்பு வழிகாட்டுக் குழு' அமைந்தது. 'பசியிலா' என்பதா 'பசியற்ற' என்பதா என்று இரண்டு மணி நேரம் விவாதம். இடையில் இறைச்சி பஃப்ஸ் மூன்று தட்டு தீர்ந்தது. எடை பார்க்கத் தராசு வேண்டும். மருத்துவமனைத் தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும். நல்ல வேளையாக எங்களிடம் பறிமுதல் பொருள்களை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. நடைபாதையில் பிடிபட்ட சேனைக்கிழங்கு, வெங்காய மூட்டை, கோழிக்கூண்டு எல்லாம் அதில்தான் ஏறும். வெள்ளிக்கிழமைதோறும் இயக்குநரும் ஏறினார். தனிப் பதிவேடு இல்லாததால் பறிமுதல் பதிவேட்டிலேயே எழுதினேன். 'வெங்காயம், நான்கு மூட்டை. இயக்குநர், ஒன்று. நூற்று நாற்பத்தாறு கிலோ. உரிமை கோருவோர் இல்லை.'

அடுத்த கூட்டத்துக்கு நிபுணர் வந்தார். 'டாக்டர்' இன்யாங். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் எங்கள் துறை ஆணையரின் மைத்துனர். அதுவே பெரிய பட்டம். பச்சைக் கோட்டு போட்டிருந்தார். மேசையில் ஒரு சுடுதண்ணீர்க் குடுவையை வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கண்மூடி நின்றார்.

"பசின்னா என்ன?" என்று கேட்டார்.

நான், "சாப்பிடாட்டி வர்றது சார்," என்றேன்.

"தப்பு. பசிங்கறது ஒரு அபிப்பிராயம். அத மாத்திக்கலாம்."

நிக்கோயோ அம்மையார் குறித்துக்கொண்டார். நிபுணரின் கண்டுபிடிப்பு ஒரு தேநீர். பதினேழு மூலிகை. 'எடைக்குத் தடை, இடைக்கு நடை' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. இடை எங்கே நடக்கும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

இயக்குநர் ஒரு மிடறு குடித்தார். அவர் முகத்தில் ஊறவைத்த சிமென்ட் சாக்கின் சுவை தெரிந்தது. "அருமை," என்றார். நிபுணர் போனதும் எழுந்து, சன்னலோரம் தொட்டியில் இருந்த குரோட்டன் செடிக்கு மீதியை ஊற்றினார். அன்று முதல் தினமும் காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை, செடிதான் குடித்தது. ஆறு வாரத்தில் செடி இளைத்துவிட்டது. அந்த வகையில் தேநீரின் ஆற்றலை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

இனி, இந்த வரலாற்றில் இடம்பெறக் கூடாத ஒருவரைப் பற்றி.

எங்கள் வாசலுக்கு எதிரே, எங்கள் இயக்குநரகத்தின் எந்த அனுமதியும் இல்லாமல், எங்கள் இயக்குநரகம் முழுவதும் சாப்பிடும் கூடாரம் ஒன்று இருந்தது. நடத்தியது இக்வோ அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, உரலை ஒரு கையால் நகர்த்தும் உடம்பு, பேச்சில் எப்போதும் ஒரு சிட்டிகை மிளகாய். கணவர் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அக்காவின் கீரைக்குழம்பில் பூசணிக் கீரையும் தண்ணிக்கீரையும் சம அளவு விழும். கருவாடு, கடல்நத்தை, இறால் பொடி எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இயக்குநர் மனைவி அபுஜாவில் இருந்ததால் மூன்று வேளையும் அவருக்கு அங்கேதான்.

குழு அமைந்த மறுவாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த இயக்குநரின் கீழே பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் நான்கு திசைக்கு விரித்துப் படுத்துவிட்டது. அவரும் கூடவே இறங்கினார். கையிலிருந்த தட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. அரசு அலுவலர் ஒருவரின் நிதானத்தை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

"அடி பட்டுச்சா அய்யா?" என்றார் இக்வோ அக்கா.

"இல்ல. நாற்காலி சரியில்ல."

"ஆமா. போன மாசம் ஒடஞ்ச ரெண்டும்கூடச் சரியில்லாததுதான்."

அவர் போனபிறகு அக்கா உடைந்த கால்களைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எஃபியோம், இந்த மனுசன ஒண்ணு நான் வெரட்டணும், இல்ல எளைக்க வைக்கணும்."

"வெரட்டிருங்களேன் அக்கா."

"கூடாரத்துக்கு இயக்குநர் யாரு?"

"அவருதான்."

"அப்ப எளைக்க வைக்கிறத தவிர வேற வழி?"

"எங்க ஆபீஸ்ல அதுக்குக் குழு இருக்கு."

"குழுவா? அது நல்லா சாப்பிட்டுப் பேசட்டும். நான் பாத்துக்கறேன். நீ மட்டும் வாய மூடிட்டு இரு. தெரிஞ்சா ஒனக்குக் கருவாடு கெடையாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடுவதற்குக் கருவாடு போதுமான காரணம் என்றே அப்போது நினைத்தேன்.

அக்கா கூட்டம் போடவில்லை, பெயர் வைக்கவில்லை. முதலில் மிளகு சூப் ஒரு பெரிய கிண்ணம், மீன் துண்டுகளோடு, இயக்குநர் முன்னால் வரும். "பெரிய ஆளுங்களுக்கு மட்டும் அய்யா," என்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் அடுப்பில் ஏதோ தாமதமாகும். பிறகு கீரைக்குழம்பு, முன்பைவிட இரண்டு மடங்கு. எண்ணெய் மட்டும் வாரத்துக்கு ஒரு கரண்டி குறையும். ஃபூஃபூ உருண்டை வாரத்துக்கு ஒரு கட்டைவிரல் அளவு சிறுக்கும். காலையில் எண்ணெயில் பொரித்த வாழைக்குப் பதிலாக, இலையில் அவித்த பயறு. எல்லாமே வயிறு முட்ட. வேண்டும் என்றால் இன்னொரு கரண்டி கீரை, கேட்காமலே விழும்.

இரண்டாம் மாதம் ஒருமுறை மட்டும் சந்தேகம் வந்தது.

"இக்வோ, இந்த உருண்ட சின்னதா இருக்கே?"

"தட்டு பெருசு அய்யா."

இயக்குநர் தட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் துறையில் இருபத்தாறு ஆண்டு கோப்பு பார்த்த கண் அது. "ஆமா," என்றார், "தட்டு பெருசுதான்."

அடுத்ததாக, வாசலில் வடிகால் தோண்டினார்கள். மற்ற கடைக்காரர்கள் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நெருக்கியடித்துக் கூடாரம் போட்டார்கள். அக்கா மட்டும் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கிற மேட்டின் உச்சிக்குப் போனார். வண்டி போகாத ஒற்றையடிப் பாதை. மழையில் வழுக்கும்.

"இவ்வளவு தூரமா அக்கா? யாரு வருவா?"

"சாப்பாடு நல்லாருந்தா வருவாங்க. வண்டி வர முடியாத எடமாத் தேடித்தான் பிடிச்சேன்."

முதல் நாள் இயக்குநர் ஏழு இடத்தில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "இந்த மேட்ட யாரு இங்க வச்சது?" என்று கேட்டார். அது எங்கள் துறையின் கீழ் வராது என்றேன். மூன்றாம் மாதம் நான்கு இடத்தில் நின்றார். ஆறாம் மாதம் எங்கும் நிற்கவில்லை, நான்தான் நின்றேன். ஒன்பதாம் மாதம் அதே மேட்டில் சீழ்க்கையடித்துக்கொண்டே இறங்கினார். ஒரு மாலை என்னைப் பார்த்து, "எஃபியோம், எத்தன வருசம் கழிச்சு என் செருப்ப நானே பாக்கறேன் தெரியுமா?" என்றார். அந்த நேரம் அவர் முகம், சொன்னால் நம்பமாட்டீர்கள், இயக்குநர் முகம் மாதிரியே இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதரின் முகம்.

அந்த ஒன்பது மாதத்தில் அலுவலகத்தில் ஓர் இடமாற்றம்கூட இல்லை.

பதினான்காம் மாதம் பறிமுதல் பதிவேட்டில் எழுதினேன். 'இயக்குநர், ஒன்று. நூற்று மூன்று கிலோ.' நாற்பத்து மூன்று கிலோ பறிமுதலாகியிருந்தது. மருத்துவர் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார். பிறகு, "எப்படி சார்?" என்றார்.

"பசிக்காமலே," என்றார் இயக்குநர்.

செய்தி ஆணையருக்குப் போயிற்று. ஆணையர் தம் மைத்துனரை அழைத்து வாழ்த்தினார். ஒரு கருவி வெற்றி பெற்றால் கருவியைச் செய்தவரை வாழ்த்துவதுதானே முறை. மாநிலம் முழுவதும் எல்லா அலுவலகங்களுக்கும் அந்தத் தேநீரை வாங்குவது என்றும், மண்டபத்தில் பாராட்டு விழா என்றும், எங்கள் வளாகத்தை முன்மாதிரி 'பசியிலா வளாகம்' ஆக்குவது என்றும் முடிவாயிற்று. விதிகளை நிக்கோயோ அம்மையார் நின்றபடியே எழுதினார். மூன்றாவது விதி, வளாகத்தைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் 'அலுவலர்களைச் சபலப்படுத்தும்' சமையல் கூடாரங்கள் எதுவும் இருக்கக் கூடாது.

அகற்ற வேண்டிய கூடாரங்களின் பட்டியலைத் தயாரித்தவன் நான். பதினொன்று இருந்தன. ஏழாவது வரியில் 'இக்வோ, மேட்டு உச்சி' என்று தட்டச்சு செய்தபோது கை கொஞ்சம் நின்றது. மேடு முந்நூறு மீட்டருக்கு வெளியே என்று எழுதிவிட்டால் முடிந்தது. அளந்து பார்க்க யார் வரப்போகிறார்கள்? நிக்கோயோ அம்மையார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேட்டுக் கூடாரம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம். இரநூத்தி எண்பது மீட்டர்."

"நல்லது. ஒங்க பதவி உயர்வுக் கோப்பு எங்கிட்டதான் இருக்கு. நாளைக்கு அனுப்பறேன்."

பட்டியலை இயக்குநர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையில், கண்ணாடி முன்னால் நின்று பாராட்டு விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை நீட்டினேன்.

"என்ன இது?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஏழாவது வரியில் விரலை வைத்தாலே போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"பொது அழகு சார்," என்றேன்.

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். இளைத்த பிறகு கையெழுத்தும் ஒல்லியாகத்தான் இருந்தது.

விழா சனிக்கிழமை. மண்டபம் நிறைய ஆட்கள். 'டாக்டர்' இன்யாங்குக்குப் பொன்னாடை. மேடைக்குப் பின்னால் இரண்டு படங்கள். ஒன்றில் பழைய இயக்குநர், இன்னொன்றில் இன்றைய இயக்குநர். பழையவரை நான்கு பேர் பிடித்துத் தூக்கி மாட்ட வேண்டியிருந்தது, சட்டம் அவ்வளவு பெரிது. இயக்குநர் பேச எழுந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் இக்வோ அக்கா நின்றிருந்தார். விருந்துக்குக் கீரைக்குழம்பு அவர் கூடாரத்திலிருந்துதான் வந்தது. காலிப் பாத்திரங்களை எடுத்துப்போகக் காத்திருந்தார். இயக்குநர் அவரைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே நிச்சயமாகச் சொல்கிறேன், பார்த்தார். பேச்சு ஒரு நொடி நின்றது.

முன் வரிசையில் ஆணையர் இருமினார்.

"இந்தத் தேநீர் இல்லாவிட்டால்," என்றார் இயக்குநர், "நான் இன்று உங்கள் முன் இப்படி நின்றிருக்க முடியாது."

கைதட்டல். அக்காவும் தட்டினார். மேடையில் யார் என்ன சொன்னாலும் தட்டுவதுதான் மரியாதை.

கீழே இறங்கியதும் அவர் பக்கத்தில் போய் மெதுவாக, "சார், அந்தத் தொட்டிச் செடி..." என்றேன்.

"எந்தச் செடி?" என்றார்.

திங்கட்கிழமை காலை லாரி மேட்டுக்கு ஏற முடியவில்லை. ஆட்கள் நடந்தே ஏறினார்கள். நோட்டீசை வாசிக்க வேண்டியவன் நான். வாசித்தேன். 'சபலப்படுத்தும்' என்ற இடத்தில் நிறுத்தினேன். இருமிவிட்டு வாசித்தேன். அக்கா ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"யாரு கையெழுத்து?"

"சார்தான்."

"தெரிஞ்சா போட்டாரு?"

"கேட்டாரு அக்கா."

"நீ என்ன சொன்ன?"

நான் காகிதத்தை மடித்தேன். அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி, கூடாரத்தைப் பிரிக்க வந்த ஆறு பேருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தார். "கொட்டறதுக்கு மனசு வரல, சாப்பிட்டுட்டுப் பிரிங்க," என்றார். அவர்கள் சாப்பிட்டார்கள். பிறகு பிரித்தார்கள்.

ஒரு மணிக்கு இயக்குநர் வழக்கம்போல் மேடேறினார். சீழ்க்கை பாதி வழியில் நின்றது. உச்சியில் அடுப்புக் கல் மூன்றும், மிதிபட்ட கீரைத் தண்டும் கிடந்தன.

"யாரு செஞ்சது இத?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"வியாழக்கிழமை. வெள்ளச் சட்ட போட்டிருந்தீங்க."

குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். துக்கமா பசியா என்று தெரியவில்லை. இரண்டும் அவருக்கு ஒரே இடத்தில்தான் வரும்.

"ரத்து பண்ணலாமா, எஃபியோம்?"

"ஆணையர் அறிவிச்சாச்சு சார். ரத்துன்னா மறுபரிசீலனைக் குழு போடணும்."

"போடு," என்றார். உடனே போட்டோம். அந்தக் குழு இன்னும் கூடவில்லை. கூடுகிற நாளில் தருவதற்குச் சிற்றுண்டி வாங்க முந்நூறு மீட்டருக்குள் கடை எதுவும் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்குள் ஐந்து இடமாற்றம். நிக்கோயோ அம்மையார், தட்டச்சர் இருக்கும் தீவுக்கு. அங்கே உட்காரவே இடம் கிடையாது என்று கேள்வி. அது அவருக்குப் பொருந்தும். எனக்குப் பதவி உயர்வும் வந்தது, இடமாற்றமும் வந்தது, ஒரே உறையில். பெரிய சந்தைக் கிளைக்கு முதுநிலை ஆய்வாளர். வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் திட்டத்தின் வெற்றியைப் பற்றி அறிக்கை அனுப்புவது.

சந்தைக்கு வந்த ஐந்தாம் மாதம், கீரைக்காரர்கள் வரிசையில் தலையில் பெரிய கீரைப் பேசினோடு ஒரு பெண் என்னைக் கடந்து போனார். நான் விலகி வழிவிட்டேன். "என்ன எஃபியோம், பெரிய ஆபீசர் ஆயிட்டியா?" என்று குரல் கேட்டுத்தான் திரும்பினேன். குரல் மட்டும்தான் பழைய இக்வோ அக்கா. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டையின் தோள் ஒரு பக்கம் நழுவிக்கொண்டேயிருந்தது. வேறு யாருடைய கீரையையோ லாரியிலிருந்து கடைக்குச் சுமக்கிற வேலை.

பதினான்கு மாதப் பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நல்லா எளச்சிட்டீங்களே."

"ஆமா. ஆஸ்பத்திரில மக நிறுத்துப் பாத்தா. பத்தொம்பது கிலோ கொறஞ்சிருக்காம்."

"அவ படிப்பு?"

"படிக்கிறா. அவ படிப்ப நிறுத்தல, என் சாப்பாட்டத்தான் நிறுத்தினேன். ஒரு வேள. சில நாள் அதுவும் இல்ல."

"பசிக்குமே அக்கா."

அக்கா பேசினைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், சந்தையில் வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பசிக்கும்தான். ஒங்க சார் மாதிரி பசிக்காம எளைக்கிறதுக்கு, எனக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

பின்னால் வந்த சுமைக்காரர், "நகரும்மா" என்று அதட்டினார். அக்கா நகர்ந்து போனார்.

அது காலாண்டின் கடைசி நாள். அலுவலகத்துக்கு வந்து படிவத்தை எடுத்தேன். 'திட்டத்தின் பயன் அலுவலகத்துக்கு வெளியேயும் பரவியுள்ளது. புதிய பயனாளி, ஒருவர். குறைந்த எடை, பத்தொன்பது கிலோ. கால அளவு, ஐந்து மாதம். இது இயக்குநரின் வேகத்தையும் விஞ்சியது' என்று நிரப்பினேன். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பயனாளிக்குப் பசித்ததா என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. தேடிப் பார்க்க வேண்டாம். படிவத்தைத் தயாரித்தவன் நான்தான்.